இடது ஹப்

கம்பம்மெட்டு தாண்டி, ஏலத்தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையின் அடியில், தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிவந்த ஜீப் நின்றது. இரவு பெய்த மழையில் பாதை சேறாகக் குழம்பிக் கிடந்தது. டிரைவர் ஈஸ்வரபாண்டி இறங்கி, வலது முன்சக்கரத்தின் நடுவில் இருந்த திருகைப் பிடித்து லாக் பக்கம் திருப்பினான். இடது பக்கம் ஜெயமேரி இறங்கினாள்.

அந்த வண்டியில் அப்படியொரு வழக்கம். மேடு ஏற நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். அதற்குச் சின்ன கியரைப் போட்டால் மட்டும் போதாது. முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் ஹப்பைக் கையால் திருகி லாக் செய்ய வேண்டும். வலது ஹப் டிரைவருக்கு. இடது ஹப், அவன் பக்கத்து இருக்கையில் வருகிறவளுக்கு. அந்த இருக்கைக்கு ஆசைப்படாத பெண் கிடையாது. ஆனால் கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஜெயமேரியால் பின்னால் குலுங்கிப் போக முடியவில்லை. ஒரு நாள் வந்தால் மறுநாள் படுத்துவிடுவாள். மற்ற பெண்களே பேசி வைத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதைச் சும்மா வாங்கிக்கொண்டதாக இருக்கக்கூடாது என்று அவளுக்கு. மழையானாலும் பனியானாலும் வண்டி நிற்பதற்குள் இறங்கிவிடுவாள்.

அன்றும் தூறலுக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு குனிந்து, திருகை இறுகும்வரை திருப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "போட்டாச்சு பாண்டி, போ."

பாதி மேட்டில் முன்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டது. பின்சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுழன்றன. ஈஸ்வரபாண்டி பிரேக்கை மிதித்தான். மிதித்தும் வண்டி நிற்காமல் பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போய், பின்பக்கம் மண்திட்டில் மோதி நின்றது. இடது முன்சக்கரம் ஹப் மறைய ஓடைச் சேற்றில் புதைந்தது. வண்டியின் கடைசியில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்த சந்தனம்மாள் வண்டிக்கும் திட்டுக்கும் நடுவே விழுந்துகிடந்தாள். அவள் அலறவில்லை. "ஆத்தா, இடுப்பு" என்று மட்டும் சொன்னாள்.

அவளைத் தூக்கி வேறொரு வண்டியில் ஏற்றும்போதே யாரோ கேட்டார்கள். "மேரி, லாக்கு போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"போட்டா ஏன் இழுக்கல?"

"போட்டேந்தான்" என்றாள் ஜெயமேரி. பிறகு உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "கை ஈரமா இருந்துச்சு" என்றாள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர்கள் தங்கள் ஊரான ராயப்பன்பட்டிக்குத் திரும்புவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஜீப்பை டிராக்டர் வைத்து இழுத்து, மறுநாள் பழனிசெட்டிபட்டிக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி வைகுண்டராஜின் வண்டிகள் எல்லாம் அங்கேதான் பட்டறைக்குப் போகும். மெக்கானிக் சூரியபிரகாஷ் முதலில் சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். செம்மண் கரைந்து ஓட, திருகின் முகம் மெல்லத் தெரிந்தது. அதன் முனை லாக்கில் நின்றது.

அவன் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் உருட்டினான். சக்கரம் சுற்றியது. உள்ளே ஆக்சில் அசையவில்லை. போல்ட்டுகளைக் கழற்றி ஹப்பைத் திறந்து, கறுத்துப் போன கிரீஸுக்குள் விரலை விட்டு ஒரு இரும்பு வளையத்தை எடுத்தான். சக்கரத்தையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கிற பற்கள் அதில் தேய்ந்து மொழுக்கென்றிருந்தன.

"திருகுனவுக ஒழுங்காத்தான் திருகியிருக்காக. பிடிக்கிறதுக்குத்தான் உள்ள பல்லு இல்ல."

ஈஸ்வரபாண்டிக்கு அது புதிய செய்தி அல்ல. ஆடி மாதமே அவன் முதலாளியிடம் சொல்லியிருந்தான். இடது ஹப் சில நேரம் பிடிப்பதில்லை, சத்தம் போடுகிறது என்று. கிரீஸ் வைத்து மூடு, இந்தச் சீசன் ஓடட்டும் என்றார் அவர். அவனும் வைத்து மூடினான்.

பட்டறைக்கு வந்திருந்த வைகுண்டராஜ் வளையத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஈஸ்வரபாண்டி கையில் போட்டார். "புதுச மாட்டச் சொல்லு. ஏலே பாண்டி, சந்தனம்மா மகன் கேஸுன்னு அலையுறான். வண்டியில கோளாறுன்னா என்னையப் பிடிப்பாக. தெரிஞ்சே ஓட்டுன ஒன்னைய விட்டுருவாகளா? லைசென்ஸ் ஒன்னோடது. பொம்பளைக அவுகளுக்குள்ள ஏதோ சொல்லிக்கிறாகல்ல? அது அப்படியே கெடக்கட்டும்."

ஈஸ்வரபாண்டி தலையாட்டினான். ஊர் திரும்பும்போது வளையத்தை எறியலாம் என்று வழியில் வண்டியை நிறுத்தினான். மனசு வரவில்லை. சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெயமேரி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனாள். சந்தனம்மாள் அதைக் குடித்துவிட்டு, "விடு மேரி. வேணும்னேவா செஞ்ச?" என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று ஜெயமேரிக்குத் தோன்றியது. வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரபாண்டியைப் பார்த்தாள்.

"பாண்டி, பட்டறையில தெறந்து பாத்தாகளாமே. என்னதான் சொன்னாக?"

"ஒன்னும் சொல்லலக்கா."

"நான் லாக்கு போடலையா? நெசத்தச் சொல்லு. எத்தனையோ வாட்டி நெனச்சுப் பாத்துட்டேன். திருகுன மாதிரியும் இருக்கு, திருகாத மாதிரியும் இருக்கு. ஒத்த வார்த்தை நீ சொல்லிட்டா எனக்குத் தூக்கம் வந்துரும்."

அவள் கண்ணைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவள் கையில் இருந்த கழுவாத தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மழை பேஞ்சுச்சுல்லக்கா. கை வழுக்கியிருக்கும்."

ஜெயமேரி தலையசைத்தாள். "அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அடுத்த நாள் வண்டி வந்தபோது அவளாகவே பின்னால் ஏறினாள். முன் இருக்கைக்கு நதியா வந்தாள். புதிதாகக் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவள், நல்ல கைவலு. காலை நீட்டியபோது சீட்டுக்கு அடியில் இருந்த வளையம் காலில் இடித்தது. பின்னால் படுதா காற்றில் அடித்துக்கொள்கிறது என்று யாரோ சொல்ல, அவள் அதை எடுத்துப் பின்னால் நீட்டினாள். படுதாக் கயிற்றின் நுனியில் கனத்துக்காகக் கட்டிவிட்டார்கள். ஈஸ்வரபாண்டி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

மேட்டின் அடியில் வண்டி நின்றது. நதியா இறங்கிப் புது ஹப்பைத் திருகினாள். சேறு அன்றைக்கும் அதே சேறுதான். வண்டி ஒரே இழுப்பில் ஏறியது.

"ஒழுங்காத் திருகுனா ஏறாம எங்க போகும்" என்றாள் ஒருத்தி. யாரும் ஜெயமேரியைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். பின்கம்பியோரம், சந்தனம்மாளின் இடத்தில் ஜெயமேரி உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொள்வாள். படுதாக் கயிற்றில் தொங்கும் அந்த வளையம் ஆடி வந்து யார் முழங்காலிலாவது இடிக்கும் என்பதால் இன்னொரு கைக்குள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மேட்டடியில் வண்டி நின்றதும் வெளியே எட்டிப் பார்த்து முன்பக்கம் குரல் கொடுப்பாள்.

"நதியா, லாக்குல நிக்குதா? நல்லாப் பாத்துக்க ஆத்தா. நான் செஞ்ச மாதிரி நீயும் செஞ்சிராத."