ஷட்டரில் வரைந்த துரு

இப்பல்லாம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. போ என்பதற்கும் சிரிக்கிறார்கள், இரு என்பதற்கும் சிரிக்கிறார்கள். எந்தச் சிரிப்பு எதற்கென்று கண்டுபிடிப்பது நம் தலையெழுத்து.

எங்கள் கடை நகரத்துக்கு நட்டநடுவே, பழைய கடைத்தெருவில் இருக்கிறது. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயிண்ட் விற்கிறோம். கட்டடம் நகரசபையுடையது, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஆபீஸெல்லாம் ஊருக்கு வெளியே போன பிறகு இந்தத் தெருவைச் சீந்த நாதியில்லை. விளக்கு எரியவில்லை என்று சொல்லப் போய்ச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது திடீரென்று மரத்துக்கு மரம் குட்டி விளக்கு. லாரி போன ரோட்டில் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிறார்கள். தெருவுக்கு உயிர் கொடுக்கிறார்களாம். அதுவரை நாங்கள் என்ன பிணமாகவா கிடந்தோம்?

அந்த வேலையைப் பார்க்கிற அதிகாரியம்மா ஒருநாள் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஷட்டர் முன்னால் நின்றாள். துருவைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். போய்விட்டாள். எந்தக் கடையை வைப்பது, எதைக் காலி பண்ணச் சொல்வது என்று அவள்தான் முடிவு செய்வாளென்று தெருவில் பேச்சு.

மகள் குடும்பமே இந்தக் கடையை நம்பித்தான் சாப்பிடுகிறது. துருவைப் பார்த்து ஒருத்தி சிரித்தால் நான் என்னவென்று நினைப்பது?

"கடை நெறைய பெயிண்ட வச்சுக்கிட்டு நாம ஏன் மாமா பரதேசி மாதிரி நிக்கணும்?" என்றார் மாப்பிள்ளை. அவர் வாயைத் திறப்பது அபூர்வம், திறந்தால் எனக்குச் செலவு.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் இறங்கினோம். ஷட்டரைச் சுரண்டி, துருப் பிடிக்காமலிருக்கச் செங்காவி நிற ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்து, அதற்கு மேல் பளபளவென்று பச்சை. முன்சுவரில் செங்கல் பல்லை இளித்துக்கொண்டிருந்தது, அதையும் வெள்ளையடித்து மூடினோம். கடை கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

அதிகாரியம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"என்னங்கய்யா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"சுத்தம் பண்ணியிருக்கோம்மா."

அந்தத் துருவுக்கும் செங்கலுக்கும்தான் எங்கள் கடையை வைத்துக்கொள்ள எழுதியிருந்தாளாம். பழைய தெரு பழசாகத் தெரிந்தால்தான் ஜனம் வருமாம். இப்போது மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வாளாம். எனக்குப் பாதி விளங்கவில்லை. பழசாக இருப்பதால் துரத்துவார்கள் என்று பயந்து அடித்தேன், அடித்ததால் துரத்துவேன் என்கிறாள்.

மகள் என்னை ஓரங்கட்டிவிட்டு, வேறு வழியுண்டா என்று அவளிடம் கெஞ்சினாள். இருந்தது. பழசாக்குவதற்கென்றே ஒரு பெயிண்டர் இருக்கிறாராம்.

அவர் வந்து வெள்ளையைச் சுரண்டிச் செங்கலை வெளியே எடுத்தார். பிறகு எங்கள் கல்லாவுக்கே வந்து ரெட் ஆக்சைடு ஒரு டின் கேட்டார். எதற்கென்றேன்.

"துரு வரையணும்."

நான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அவர் டின்னை எடுத்துக் கொடுத்தார்.

ஷட்டரைச் சுரண்டி மழையில் விட்டால் துரு தானாக வருமே, காசா பணமா என்று பெயிண்டரிடம் சொன்னேன். அதற்குள் திறப்பு விழா வந்துவிடுமாம். அதோடு, "நிஜத் துரு சட்டையில ஒட்டும் பெரியவரே. ஜனம் சாஞ்சு போட்டோ எடுக்கணுமில்ல?" என்றார்.

வேலை முடிந்ததும் அதிகாரியம்மா வந்து பார்த்தாள். சிரித்தாள்.

"உங்க கடை இங்கயே இருக்குங்க" என்றாள்.

மகள் அழுதே விட்டாள். நல்ல சேதிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வைத்துக்கொண்டது கடையையா, துருவையா? கேட்டால் அதற்கும் சிரிப்பாள்.

"அய்யாவும் பக்கத்துல நின்னா போட்டோ நல்லாயிருக்கும்" என்றாள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அடுத்து என்மேல் எதைப் பூசப் போகிறார்களோ. வேலையிருக்கிறது என்று சொல்லி, ஷட்டரில் கையூன்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

தெருமுனை தாண்டியதும்தான் பார்த்தேன், விரலெல்லாம் துரு. ஷட்டர் இன்னும் காயவில்லை போல. சட்டையில் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. போகாது. நம் கடைச் சரக்கு.