ஊக்குச் சித்தப்பாக்களின் மூன்றாவது தந்தி

‘ஊக்குச் சித்தப்பாக்கள்’ இசைக்குழுவில் மொத்தம் மூன்றே பேர். அதில் ஒருவர் சித்தப்பாவே இல்லை, சித்தி. எழுபதுகளில் பிரிட்டனில் கிழிந்த சட்டையும் குத்திய ஊக்குமாக மேடையேறி, சரியாக வாசிக்கத் தெரியாமலே ஊரை அலற வைத்த பங்க் ராக் பையன்களுக்கு இவர்கள் செலுத்தும் மரியாதை இது. மரியாதையில் பாதி கிண்டல்.

பாடுபவர் பல் டாக்டர். மேடைக்கென்றே தனக்கொரு கறுத்த பல் செய்துவைத்திருந்தார். அந்தக் காலத்து ரசிகர்கள் மேடையை நோக்கித் துப்புவார்களாம்; கிருமிக்குப் பயந்த டாக்டர், ஸ்ப்ரே பாட்டிலில் கொதித்தாறிய தண்ணீரை நிரப்பி முன்வரிசைக்குக் கொடுத்துவிடுவார். டிரம்ஸ் அடிப்பவர் தையல்காரி. சட்டைகளைக் கிழித்தவரும் அவர்தான், கிழிசல் மேலும் போகாமல் ஓரம் அடித்தவரும் அவர்தான். கிதார் அவருடைய கணவர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில்.

சுருதிக்காரருக்குத் தப்பாக வாசிப்பதுகூடத் துல்லியமாக இருக்க வேண்டும். மூன்றாவது தந்தியை மட்டும் ஒரு மயிரிழை இறக்கி வைப்பார். அதற்கு மேல் இறங்கினால் கிண்டல் போய் வெறும் இரைச்சலாகிவிடும் என்பது அவர் கட்சி.

ஒரு மாதமாக அதில்தான் வந்தது வினை. சுருதி சேர்த்துவிட்டு முகம் கழுவப் போய் வந்தால், அந்தத் தந்தி அதலபாதாளத்தில் கிடப்பதுபோல் கேட்டது. தந்தியை மாற்றினார், முறுக்காணியை மாற்றினார், பலனில்லை. டாக்டரைக் கேட்டால், “எனக்குக் கச்சிதமாத்தான் கேக்குது” என்றார். மனைவிக்கோ டிரம்ஸ் சத்தத்தில் ஒன்றுமே கேட்பதில்லை. அப்படியானால் கோளாறு தன் காதில்தான் என்று முடிவுகட்டிவிட்டார். முப்பது வருடம் சோறு போட்ட காது; அது போனால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் நூலகக் கூடத்தில் நிகழ்ச்சி. முதல் பாட்டிலேயே தந்தி காலை வாரியது. போதாக்குறைக்கு நாலாவது தந்தியும் லேசாக இறங்கினாற்போல் இருந்தது. பாட்டு முடிந்ததும் டாக்டரிடம் குனிந்தார்.

“டாக்டர், இன்னையோட நான் நிறுத்திக்கறேன். தொழிலையும்தான். என் காது போயிடுச்சு.”

டாக்டர் திருதிருவென்று விழித்தார். “காதா? ஐயையோ, அது நான்தாங்க! நீங்க முகம் கழுவப் போறப்பல்லாம் அந்த ஆணிய அரைச் சுத்து இறக்கி விட்டுடுவேன். நீங்க துளியூண்டு இறக்கினா ஜனங்களுக்கு எங்க தெரியப் போகுது? குழுவோட நல்லதுக்குத்தான்...”

“இன்னைக்கு நாலாவதையும் தொட்டீங்களா?”

“ஆமா, அது...”

“கால் சுத்து?”

“கால் சுத்துதான்! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

சுருதிக்காரருக்கு வந்திருக்க வேண்டியது கோபம். வந்தது அழுகை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது. ஊக்குகள் குத்துவதைக்கூடப் பார்க்காமல் டாக்டரைக் கட்டிக்கொண்டார். கூட்டம் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது.

பின்னாலிருந்து மனைவி பதறினார். “என்னங்க, எதுக்கு அழறீங்க?”

“காது நல்லா இருக்கும்மா!”

“அதுக்கு என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் வரல. ஒண்ணுமே வரல!” என்று சிரித்தபடி, மனைவி தாளம் எண்ணித் தொடங்கும் முன்பே அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்.