தூளியில் இருபத்து மூன்று பேர்

நான் கொண்டுபோன புது வேட்டியை அமலோற்பவமேரி அம்மாள் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"கஞ்சி போட்டு மொறமொறன்னு இருக்கு. இதுலயா பச்சப்புள்ளயப் போடுவாங்க? யாருப்பா ஒனக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. வீட்டில் எனக்குப் பின் பிறந்த ஐந்து பேரையும் தூளியில் ஆட்டியவன் நான். கட்டிக் கட்டி நைந்த துணியில்தான் குழந்தையைப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, அரியலூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை திறக்கும் வரை நின்றுகொண்டே இருந்தவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. மாற்றாகக் கொடுப்பதென்றால் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வாங்கிக்கொண்டு ஏலாக்குறிச்சி பஸ் ஏறிவிட்டேன்.

வேட்டிக்குப் பதிலாக நான் கேட்ட துணி எதிரே உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த படுக்கை விரிப்பு. அதற்குள் அந்த அம்மாளின் பேத்தி, மூன்று மாதக் குழந்தை, தூங்கியது. துணியெங்கும் கையெழுத்துகள். சில மைப் பேனாவில், சில காப்பியிங் பென்சிலில். காப்பியிங் பென்சிலில் போட்டவை ஈரம் பட்டு ஊதாவாகக் கலங்கியிருந்தன. மைப் பேனா எழுத்துகளில் பாதி ஏற்கெனவே போய்விட்டன. குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை நனைக்கும், எத்தனை முறை அலசிப் போடுவார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். குழந்தை தானாகத் தூளியை விட்டு இறங்க இன்னும் ஒரு வருடம் ஆகும். அதற்குள் எல்லாப் பேரும் போய்விடும்.

இந்த விரிப்பைப் பற்றி எனக்குச் சொன்னவர் அந்த அம்மாளின் கணவர் இருதயநாதன். கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் என்ஜின் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வந்து எங்கள் ஆலை கேட்டில் இரண்டு வருடம் வாட்ச்மேனாக இருந்தார். எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது அவருடைய கப்பல் பல நாட்கள் தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறது. குளிக்கத் தண்ணீர் கிடையாது. போட்ட துணியைத் துவைக்க வழியில்லாமல் கடலில் எறிந்துவிடுவார்களாம். ஒரு படுக்கைக்கு மூன்று பேர். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனதும் அந்தச் சூட்டிலேயே அடுத்தவன் படுத்துக்கொள்வான். போர் முடிந்து கரைக்கு வந்த அன்று, பின்பக்க அறையில் இருந்த இருபத்து மூன்று பேரும் எறியாமல் மிச்சமிருந்த ஒரு விரிப்பில் பேரும் ஊரும் எழுதினார்கள். சீட்டுக் குலுக்கியதில் அது இருதயநாதனுக்கு விழுந்தது. ஒரு நாள் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்குள் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனார். அது ஆகி ஒன்றரை வருடம்.

நான் நீர்மூழ்கிக் கப்பல்காரர்களின் பொருள்களைச் சேர்க்கிறவன். நாகப்பட்டினத்தில் ஒருவர் கொடுத்த கம்பளித் தொப்பி, தூத்துக்குடியிலிருந்து தபாலில் வந்த தொப்பிப் பட்டை, எண் அடித்த ஒரு அலுமினிய டம்ளர். ஒரு டிரங்குப் பெட்டியில் பாதிகூட நிரம்பவில்லை. எல்லாவற்றையும் கடலில் எறிந்துவிட்டு வந்தவர்களிடம் என்ன இருக்கும்? ஏன் இந்த வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. திருச்சியில் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன். கடற்படைக்கு ஆள் எடுத்தபோது போய் நின்றேன். காதைப் பார்த்த டாக்டர் ஜவ்வில் ஓட்டை என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் கதை. மூட்டை கட்டும் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் முத்துசாமி சொல்வான்: "ஏன்டா பஸ்ஸுக்கு அழுவுற? நம்ம சுண்ணாம்புக்கல்லு கொவாரியில சிப்பியும் சங்குமா கெடக்குல்ல. அந்தக் காலத்துல இங்கதான் கடலாம். தோண்டிப் பாரு, ஒங் கப்பலும் உள்ளதான் கெடக்கும்."

மற்ற பொருள்கள் எல்லாம் பொருள்கள். இந்த விரிப்பு அப்படியில்லை. இருபத்து மூன்று பேரும் ஊரும் கிடைத்தால் ஒவ்வொருவருக்கும் கடிதம் போடலாம். அந்த அறையில் இருந்தவர்களில் யாரிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடற்படை ஆபீசுக்கு மூன்று முறை எழுதினேன். பட்டியல் தருவதற்கில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. இந்தத் துணியை விட்டால் வேறு வழி கிடையாது.

"வேணுங்கறத எழுதிக்கிட்டுப் போயேன்" என்றார் அம்மாள்.

"பாதிப் பேரு முடிச்சுக்குள்ள இருக்குங்கம்மா. மீதி புள்ளைக்கு அடியில இருக்கு. அவுத்து, வெயில்ல விரிச்சு வச்சாத்தான் படிக்க முடியும். மறுபடி நனைஞ்சா அதுவும் போயிடும்."

"கட்டுன தூளிய நடுவுல அவுக்க மாட்டோம். மாத்துத் துணி தொங்கவிட்டப்பறந்தான் இத எடுக்கறது. அதுக்கும் நல்ல துணியா அமையணும்."

அவர் மகள் மரிய புஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "அப்பா படுத்த துணியில எம் புள்ள படுக்கணும்னு நாந்தாண்ணே கேட்டு வாங்குனேன். நீங்க என்னமோ மியூசியம் வைக்கிற மாதிரி வந்து நிக்கிறீங்க."

நல்ல துணி என்றால் என்ன என்று கேட்டேன். உயிரோடு இருக்கும் பொம்பளை கட்டிய சேலை. அவள் பெற்றதில் ஒன்றும் தவறியிருக்கக் கூடாது. அம்மாளுக்கு இரண்டு தவறிவிட்டன. புஷ்பத்தின் மாமியாருக்கு ஒன்று. அதனால்தான் இந்த விரிப்பு தூளியானது.

புது வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

என் அம்மா மருதாயி ஆறு பெற்றவள். ஆறும் இருக்கிறோம். எங்கள் தெருவில் அது சாதாரண விஷயம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு மாரில் வழிந்தது.

"எஞ் சேலயிலயா? அவுங்க வூட்டுப் புள்ளயா? ஒனக்கு ராத்திரி முழிச்சு முழிச்சு மூள கொழம்பிப் போச்சுடா."

"இருக்கா இல்லயா?"

"இருக்கு. கேட்டுட்டா வந்த, இல்ல நீயாக் கொண்டுபோயி அவமானப்படப் போறியா?"

"அவமானப்பட்டா எனக்குத்தான. குடு."

பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அரக்கு நிறம் மங்கிச் செங்கல் நிறமாகிவிட்ட நூல் சேலை. என் கடைசித் தங்கைகள் இருவரும் மூத்திரம் பெய்து வளர்ந்தது அதில்தான்.

மறுநாளும் ஷிப்ட் முடிந்து அதே பஸ். என் தெரு எது என்பது அமலோற்பவமேரி அம்மாளுக்குத் தெரியும். மூன்று வாரங்களுக்கு முன் முதல் முறை போனபோது, உட்காரச் சொல்வதற்கு முன்பே அதைத்தான் கேட்டார். சொன்னேன். குடிக்கத் தண்ணீர் வந்தது. நான் குடித்து வைத்த டம்ளர் கிணற்றடியில் மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனியாகக் கவிழ்ந்திருந்ததையும் போகும்போது பார்த்தேன்.

சேலையை மடியில் வைத்துப் பிரித்தார். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் தூக்கி, இழை விட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

"பூவாட்டம் இருக்கு. யாரு கட்டுனது?"

"எங்கம்மா."

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எத்தன?"

"ஆறு. ஆறும் இருக்கோம்."

சேலையை மடியில் வைத்திருந்த கை அப்படியே நின்றது. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. இனி கேட்க இருந்த ஒன்றுக்கு அவருக்கு முன்பே பதில் தெரியும். மரிய புஷ்பம் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. உங்கள் புருஷன் படுத்து எழுந்த விரிப்பில் வேறு இரண்டு பேர் வேர்வையும் சேர்ந்து கிடந்தது, அவர்கள் எந்தத் தெரு என்று அவர் கேட்டுவிட்டா படுத்தார் என்று. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். செத்தவரைச் சாட்சிக்கு இழுத்து வாங்குகிற பொருள் எனக்கு வேண்டாம். அம்மாள் முடியாது என்று சொன்னால் அடுத்த வாரம் மறுபடி வருவேன். அதற்கடுத்த வாரமும்.

"முடியாதுன்னா சொல்லிடுங்கம்மா. நான் திரும்பக் கேட்டு வருவேன், அது வேற."

"நீ வருவ" என்றார். "ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

தூளியில் குழந்தை சிணுங்கியது. யாரும் எழவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன். கை நீட்டி ஆட்டினேன். சிணுங்கல் நின்றது.

மரிய புஷ்பம் எழுந்து வந்தாள். அம்மாவிடம் எதுவும் கேட்காமல் மடியிலிருந்த சேலையை உருவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வாளியில் அமுக்கி அலசும் சத்தம் கேட்டது. ஒருமுறை அலசினாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை. அப்புறம் மூன்றாவது முறையும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிழிந்து, வாசல் கொடியில் நீளமாக விரித்துப் போட்டாள்.

"காயட்டும்" என்றாள்.

அமலோற்பவமேரி அம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், நிலைப்படி தாண்டியதும் திரும்பி, "ஆட்டறத நிறுத்தாத, முழிச்சுக்கும்" என்றார்.

ஆட்டுவதை நிறுத்த முடியவில்லை. நிறுத்தியதும் அழுதது. இடது கையில் தூளி, தொடையின் மேல் நோட்டு, வலது கையில் பென்சில். தூளி வாசல் பக்கம் போகும்போது வெளிச்சம் பட்டு ஒரு பேர் தெரியும். திரும்பி வரும்போது இருட்டில் போய்விடும். முதல் ஆட்டத்தில் பேர், அடுத்த ஆட்டத்தில் ஊர் என்று எழுதினேன். ஒரு மலையாளப் பேர், கொல்லம் பக்கம். ஒரு சிங், ஊர் அழிந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் ஒருவர். கண் எரிந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட்; கடைசி பஸ் ஐந்தரைக்கு.

பதினோரு பேர் எழுதி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கொடியில் சேலையின் மேல்பாதி காய்ந்து, கீழ்க்கரையிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மண்ணில் விழுந்தது. பன்னிரண்டாவது பேர் குழந்தையின் குதிகாலுக்கு அடியில் இருந்தது. முதல் இரண்டு எழுத்து தெரிந்தது. ஆட்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன். குழந்தை காலை உதைத்தது. துணி புடைத்து, இன்னோர் எழுத்து வெளிச்சத்துக்கு வந்தது.