ஒரு நொடிக்கு அறுபது படம்

கதவு திறந்தால் என் மேஜை விளக்கு இரண்டு முறை அணைந்து எரியும். புதன்கிழமை காலை நிமிர்ந்து பார்த்தபோது ஆர்டித் கெமரர் உள்ளே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மெர்ல் ஸ்டான்சிக் காலணியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் மூவருக்குமே காது கேட்காது. பேச்செல்லாம் கையில்தான்.

ஆர்டித் இப்போது ஒரு கையால்தான் பேசுகிறார். நான்கு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையை எடுத்துக்கொண்டது. அது கோட்டோடு ஒட்டிக் கிடந்தது. இடது கை ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர்கள் அடுத்த வார்த்தையை ஊகித்துத் தலையாட்டிவிடுவார்கள். அது அவருக்குப் பிடிக்காது. நானும் ஒரு முறை அப்படிச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கைப்பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டையும் ஒரு பென் டிரைவையும் எடுத்து மேஜையில் வைத்தார். கேசட்டின் மேல் ‘கதைப் போட்டி, மார்ச் 1989’ என்று எழுதியிருந்தது.

ஆர்டித்தின் மருமகள் காது கேட்கிறவள். நல்ல பெண். உதவியாக இருக்கட்டும் என்று, தபாலில் கேசட் வாங்கி டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறாள். பென் டிரைவ் அங்கிருந்து வந்தது. கூடவே ஒரு சீட்டு. கேசட்டில் பெரும்பாலும் ஒலி இல்லை, அதற்கு வருந்துகிறோம் என்று இருந்தது.

“அனுதாபக் கடிதம் வந்திருக்கு” என்றார் மெர்ல். “ஃப்ரேம் போட்டு மாட்டுன்னு சொல்றேன், மாட்ட மாட்டேங்குறா.”

ஆர்டித் அவர் பக்கம் திரும்பவில்லை. சனிக்கிழமை மதியம் எங்கள் காது கேளாதோர் கிளப்பின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. பழைய போட்டிக் கதைகளில் நாலைந்தைத் திரையில் போடப்போகிறார்கள். அவருடையதும் அதில் ஒன்று. அதைத்தான் என்னிடம் சொல்ல வந்திருந்தார்.

“அங்க வர்றதுல பாதிப் பேரு நாப்பது வயசுக்குக் கீழ. அவங்களுக்கு நான் யாரு? மெதுவா பேசுற கிழவி. இதப் போட்டாங்கன்னா, அப்பவும் இவ இப்படித்தான் இருந்திருக்கான்னு நெனச்சுக்குவாங்க.”

அவர் முடிக்கும்வரை தலையாட்டாமல் காத்திருந்தேன். பிறகு பென் டிரைவைச் செருகினேன்.

திரையில் முப்பத்தாறு வயது ஆர்டித் நின்றார். கை எடுப்பாகத் தெரிவதற்காகக் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் மூட்டம். விரல்கள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. கை இடுப்புக்கு இறங்கும்போதெல்லாம் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டது.

என்ன செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து வீடியோவில் ஒரு நொடிக்கு அறுபது படம். முப்பது போதும் என்று பாதியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். மிச்சத்தைப் பளிச்சென்று காட்ட வழவழப்பாக்குவார்கள். அடியில் எப்போதும் ஒரு கிழிசல் கோடு ஓடும், அதையும் வெட்டிவிடுவார்கள். கேட்கிறவர்களின் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அது போதும். அவர்களுக்குப் பேச்சு வாயில் இருக்கிறது.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. கதை நடுநடுவே தாவியது. ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோட்டைத் திரையில் வரவழைத்துப் பார்த்தேன். எங்கள் கிளப்பில் சத்தம் அதிகம் என்று கேட்கிறவர்கள் சொல்வார்கள். சிரிப்போம், மேஜையைக் குத்துவோம், தரையை மிதிப்போம். அந்த இடங்களில் கோடு உயர்ந்தது, படமும் இருந்தது. ஒருவரும் அசையாமல் பார்த்த இடங்கள் மட்டும் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் வெற்று டேப் என்று அவர்களுடைய கணினி முடிவுசெய்து, அங்கெல்லாம் வெட்டியிருந்தது.

ஆர்டித்திடம் சொன்னேன். அவர் சற்று யோசித்தார்.

“அப்போ நல்லா இருந்த எடம் பூராவும் போச்சு.”

ஆமாம் என்றேன்.

மெர்ல் திரையின் மூலையில் இருந்த எண்ணைக் காட்டினார். கதை ஐந்து நிமிடம் நாற்பது நொடியில் முடிந்திருந்தது.

“முப்பத்திநாலு வருஷத்துல மொத தடவையா நேரத்துக்குள்ள முடிச்சிருக்கா” என்றார்.

இது ஊருக்கே தெரிந்த வழக்கு. போட்டியில் ஒருவருக்கு எட்டு நிமிடம். அன்று ஆர்டித் முதல் பரிசு, மெர்ல் இரண்டாம் பரிசு. ஆர்டித் எட்டைத் தாண்டினார், நியாயப்படி பரிசு தனக்குத்தான் என்று மெர்ல் அன்றிலிருந்து ஒவ்வொரு விருந்திலும் சொல்லிவருகிறார். அவர் சொல்வது போலவே நடித்துக் காட்டுகிறவர்கள் கிளப்பில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

வைத்துவிட்டுப் போங்கள், நாளை வாருங்கள் என்றேன். ஆர்டித் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெர்ல் கோட்டைக் கழற்றினார்.

கேசட்டை என்னிடமிருக்கும் டெக்குகளில் நல்லதில் போட்டேன். திரை முழுக்கப் புள்ளிகள்தான் வந்தன.

இதற்குக் காரணம் நாங்கள் விடைபெறும் விதம். சரி கிளம்புகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகு இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். கோட்டைப் போட்டுக்கொண்டு, விளக்கு பிரகாசமாக எரியும் சமையலறையில் போய் நின்றுகொள்வோம். பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும். கிளப்பில் வீடியோ எடுத்த ஓரினுக்கு இது தெரியும். நடுவில் கேசட் மாற்றவேண்டாம் என்று, மிக மெதுவான வேகத்தில் வைத்து ஆறு மணி நேரத்தையும் ஒரே கேசட்டில் அடக்கிவிடுவார். அந்த வேகத்தில் படம் டேப்பில் மயிரிழையாகத்தான் பதியும். கிளப்பின் டெக் வேறு கொஞ்சம் கோணலானது. எடுத்ததையெல்லாம் அதிலேயே போட்டுப் பார்த்ததால் அது கோணல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கட்டடத்தை விற்றபோது அது குப்பைக்குப் போனது.

என் டெக் நேரானது. அதனால்தான் அதில் ஓடவில்லை. அந்தக் கம்பெனியின் டெக்கும் அதே பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்திருக்கவேண்டும்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே டேப்பைத் தாங்கும் இரண்டு சின்னத் தூண்கள் உண்டு. தலையில் திருப்புளிக்கான பள்ளம் இருக்கும். பத்தொன்பது வருடமாக இந்த டெக்கில் நான் அவற்றைத் தொட்டதில்லை. தொட்டுவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு நாள் முழுக்க ஆகும். அப்போதும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது.

டேப்பின் ஓரத்தில் பழுப்புப் பொடி உதிர்ந்திருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்னும் கொஞ்சம் உதிரும். கதை இருக்கும் இடத்தை ஒரே ஒரு முறைதான் ஓட்டுவேன், சோதனையெல்லாம் வேறு இடத்தில் என்று சொன்னேன். டேப்பைக் கடைசிப் பகுதிக்கு நகர்த்தினேன். விடைபெறும் இரண்டு மணி நேரம் அங்கே இருந்தது.

இடது உள்ளங்கையை டெக்கின் பக்கவாட்டில் வைத்தேன். வலது கையில் திருப்புளி. கேட்கிறவர்கள் இந்த வேலையில் காதைத் தீட்டிக்கொள்வார்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பொடி அடைத்தால் அது படத்தில் தெரிவதற்கு முன்பே என் கைக்குத் தெரியும். அதிர்வில் ஒரு சின்ன இடறல் வரும். மூன்று மாநிலங்களிலிருந்து என்னிடம் கேசட் அனுப்புகிறார்கள் என்றால் அது இந்த உள்ளங்கைக்காகத்தான்.

முதல் தூணைக் கால் சுற்றில் பாதி திருப்பினேன். புள்ளிகள் மேலே விலகின. இரண்டாவதைத் திருப்பினேன், மீண்டும் மூடிக்கொண்டது. திரும்பக் கொண்டுவந்தேன். எந்தக் கோணலில் பதிந்ததோ அந்தக் கோணலுக்கு என் டெக்கை வளைக்கவேண்டும், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் ஆனது. பிறகு புள்ளிகளுக்குள்ளிருந்து கோட்டுப் போட்ட மனிதர்கள் வந்தார்கள். சமையலறையில் நின்று விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

மெர்ல் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“அந்தத் தல நிறைய முடி என்னோடது” என்றார்.

டேப்பை மெதுவாகக் கதையின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அறுபது படத்தையும் அப்படியே எடுக்கும்படி கணினியை வைத்தேன். வழவழப்பு வேண்டாம், விளிம்பு வெட்டு வேண்டாம். ஒலியையும் எடுத்தேன். அதுவும் அவர்களுடைய சிரிப்புதானே. உள்ளங்கையை டெக்கில் வைத்து ஓட விட்டேன்.

ஆர்டித்தின் அப்பா நன்றித் திருநாளுக்கு உயிருள்ள வான்கோழி ஒன்றை வாங்கிக் காரின் பின் சீட்டில் போட்டுக்கொண்டு பனிமழையில் வருகிறார். நடுவழியில் அது கட்டை அவிழ்த்துக்கொண்டு முன் சீட்டுக்கு வந்து உட்கார்கிறது. போலீஸ்காரர் நிறுத்துகிறார். கதை அவ்வளவுதான். கேட்டால் ஒன்றுமில்லை, பார்க்கவேண்டும். ஆர்டித்தின் இரண்டு கைகளும் காரின் வைப்பர். கழுத்து வான்கோழி. கண் மட்டும் டார்ச் அடிக்கும் போலீஸ்காரர். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வைப்பர் இறக்கையாக மாறுகிறது, இறக்கை அப்பாவின் கை ஆகிறது, எங்கே மாறியது என்று தெரிவதில்லை. பிறகு அப்பாவும் போலீஸ்காரரும் வான்கோழியும் சாலையோரத்தில் பனியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். ஒவ்வொரு பொட்டாக விரல் நுனியில் பனி விழுகிறது. பச்சைக் கோடு தரையில் கிடந்தது. அந்த இடத்தைத்தான் வெற்று டேப் என்றிருந்தார்கள்.

நான் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவன். எனக்குப் பத்தொன்பது வயது. நினைவில் இருந்ததைவிடக் கைகள் வேகமாக இருந்தன. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.

எட்டாவது நிமிடம் திரையில் இருந்த மண்டபத்தில் விளக்குகள் அணைந்து எரிந்தன. நேரம் முடிந்தது என்று கிளப் செயலாளர் சுவிட்சைத் தட்டுகிறார். ஆர்டித்தின் கை நிற்கவில்லை. இன்னொரு முறை அணைந்து எரிந்தது. அப்போது சிவப்புக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்து, படத்தின் ஓரமாக நடந்து சுவருக்குப் போனார். செயலாளரை நகர்த்தினார். சுவிட்சின் மேல் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதை முடியும்வரை விளக்கு அணையவில்லை. அது இன்னும் ஒரு நிமிடம் இருபது நொடி. அன்று எல்லாக் கண்ணும் ஆர்டித்தின் கையில் இருந்ததால் நான்கூட இதைக் கவனித்ததில்லை.

என் கடையில் மெர்ல் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டித் அவர் தோளைத் தட்டித் திருப்பினார்.

“அது நீ.”

“முதுகு வலி” என்றார் மெர்ல். “சாஞ்சேன்.”

“சுவிட்ச் மேலயா?”

“செவுரு எங்க காலியா இருந்துச்சோ அங்க சாஞ்சேன்.”

“முப்பத்திநாலு வருஷமா என் உயிர வாங்கினியேய்யா.”

“நேரம் தாண்டினது தாண்டினதுதான். அது வேற, இது வேற.”

ஆர்டித் சிரித்தார். செயலற்ற தோளும் சேர்ந்து குலுங்கியது. மெர்லின் காதுகள் சிவந்திருந்தன.

கதை முழுசாகக் கிடைத்துவிட்டது என்றேன். எட்டு நிமிடத்துக்கு மேல் போனது சனிக்கிழமை எல்லோருக்கும் தெரியப்போகிறது, வேண்டுமானால் கடைசியைக் கொஞ்சம் சுருக்கலாம் என்றும் சொன்னேன். கேட்கவேண்டியது என் கடமை.

ஆர்டித் இடது கையை மேஜையிலிருந்து எடுத்தார். அவசரப்படவில்லை.

“ஒரு நொடி கூட வெட்டாத. கீழ ஓடுற அந்தக் கிழிசலும் இருக்கட்டும்.”

அந்தக் கட்டம் போட்ட சட்டையை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று மெர்ல் விசாரித்தார். முடியாது என்றேன்.

சனிக்கிழமை மதியம் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நூறு பேர் இருந்தார்கள். கணினியை நான்தான் இயக்கினேன். மூன்றாவதாக ஆர்டித்தின் கதை. முதல் நிமிடத்திலேயே மேஜைகளைக் குத்தத் தொடங்கினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன். சாலையோரத்தில் பனி விழும் இடத்தில் மண்டபத்தில் ஒரு நாற்காலியும் அசையவில்லை. தரையில் கால் வைத்திருந்தேன், அதில் ஒரு அதிர்வும் இல்லை. விளக்கு அணைந்து, கட்டம் போட்ட சட்டை எழுந்து நடந்தபோது எல்லாத் தலைகளும் மெர்லைத் தேடின. அவர் காபி ஊற்றப் போயிருந்தார்.

முடிந்ததும் நூறு ஜோடிக் கைகள் மேலே எழுந்து அசைந்தன, எங்கள் கைதட்டல் அதுதான். ஆர்டித் முன்வரிசையில் கறுப்புச் சட்டையில் நேராக உட்கார்ந்திருந்தார். திரும்பி எல்லோரையும் பார்த்தார். தலை குனியவில்லை.

டாரியோ என்று ஒருவர், எங்கள் பள்ளியில் ஆசிரியர், முப்பது வயது இருக்கும். சைகை மொழி வகுப்பெடுக்கிறவர். நேராக என்னிடம் வந்தார்.

“ஓட்டத்தக் கூட்டி வச்சுட்டீங்களா?”

இல்லை என்றேன். ஒரு நொடி ஒரு நொடியாகவே ஓடியது.

அவர் நம்பவில்லை. கறுப்புச் சட்டையைக் காட்டி, அவரிடமே கேட்கச் சொன்னேன். டாரியோ போய் ஆர்டித்தின் எதிரில் குந்தி உட்கார்ந்து, நிஜமாகவே இதுதான் உங்கள் வேகமா என்று கேட்டார்.

ஆர்டித் இடது கையால் பதில் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. டாரியோ தலையாட்டவில்லை. அடுத்தது என்னவென்று ஊகிக்க அவரால் முடியவில்லை போல.

“அன்னிக்கு எனக்குச் சளி. இல்லன்னா இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருக்கும்.”

டாரியோ எழுந்து என் பக்கம் திரும்பி, மறுபடி போடுங்கள் என்றார். பின்னால் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அடுத்த கதைக்காரர் மெர்ல். காபிக் கோப்பையோடு வந்து நின்று, போடு, என் கதை எங்கேயும் ஓடிப்போகாது என்றார்.

முதலிலிருந்து போட்டேன். இந்த முறை எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள்.