மலைக்கு அந்தப் பக்கத்துப் பஸ்

கனாயே அப்பாவின் இடது கால் பெருவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணைத் திறக்காமலே, "பார்த்து வை, வேர் வழுக்கும்" என்றார்.

அவள் கை நின்றது. நேற்று சாயங்காலத்திலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. இன்றைக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எந்த வேருப்பா?"

"உன் கால் கீழ இருக்குல்ல, அதுதான். மழை பெஞ்சிருக்கு. வேர் மேலயும் வைக்காத, கல்லு மேலயும் வைக்காத."

"அப்ப எங்கதான் வைக்கிறது?"

"அதுதான் கஷ்டம்" என்றார் அப்பா. உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

ஜன்னலுக்கு வெளியே உண்மையிலேயே ஜூன் மாதத்து மழை தூறிக்கொண்டிருந்தது. நாரா ஊரின் கூரைகளுக்கு அப்பால் காடு பாதி மேகத்துக்குள் இருந்தது. அப்பா தொகுஜி மனசுக்குள் எங்கே நடந்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

தொகுஜிக்குச் சலவைக் கடை. வாரம் ஆறு நாள் நீராவியில் வெந்த மனிதர், புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு டவுன் பஸ் ஏறுவார். வீடுகள் முடிகிற இடத்தில் இறங்கினால் காடு தொடங்கிவிடும். ஆயிரம் வருஷமாகக் கோடாலி படாத காடு. சாய்ந்த மரத்தைக்கூட யாரும் எடுப்பதில்லை, கிடந்த இடத்திலேயே மட்கும். ஓடையோரமாக ஏறி, மலையைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கோயில் வாசலில் பஸ் பிடித்துத் திரும்புவார். அந்தப் பக்கம் பஸ் அத்திபூத்தாற்போலத்தான் வரும். கடைசி பஸ்ஸை விட்டவன் வந்த வழியே இருட்டில் நடக்க வேண்டியதுதான். தொகுஜி ஒரு தடவைகூட விட்டதில்லை. வேறு எதிலும் பெருமை அடித்துக்கொள்ளாதவர், இதை மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவரோடு போனதெல்லாம் தம்பி ஹிதேகிதான். கனாயே ஏழு வயதில் ஒரே ஒரு நாள் போய், காலில் அட்டை ஏறி, ஊரைக் கூட்டி அழுததோடு சரி. மற்றபடி சாப்பாட்டு மேஜையில் அவர்கள் இருவரும் பேசியதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் வளர்ந்தவள் அவள்.

"எங்க இருக்கோம்?" என்று அப்பா கேட்டார்.

அவள் நினைவில் கிடைத்ததைச் சொன்னாள். "விடியல் புத்தர்கிட்டப்பா. அதோ, பாறையில செதுக்கியிருக்கே."

"மண்டு. முதல்ல சாயங்காலப் புத்தர். அப்புறம் இன்னும் ஏறினாத்தான் விடியல் புத்தர்."

"அதென்னப்பா தலைகீழா இருக்கு?"

"செதுக்கினவனைக் கேளு."

அதற்குள் மூச்சு வாங்கியது. அவள் அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டாள். ஒரு காலத்தில் மரக்கட்டை போலிருந்த கால், இப்போது தோலும் எலும்பும்தான்.

"ஹிதேகி எங்க?"

"பின்னாடி வர்றான்ப்பா."

"காளானைப் பார்த்திருப்பான். நின்னுடுவான் கழுதை."

ஹிதேகி வடக்கே தொலைவிலுள்ள சப்போரோவில் விமானம் ஏறிவிட்டான் என்பது வரைக்கும் தெரியும். அத்தை தொமிகோ காலையிலிருந்து அதையே புலம்பிக்கொண்டிருந்தாள். பெற்றவனின் உயிர் பிரிகிற நேரத்தில் பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் அதைவிடக் குறை வேறில்லை அவளுக்கு. "அவன் ராத்திரியில நகம் வெட்டும்போதே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ராத்திரி நகம் வெட்டினவன் அப்பன் ஆத்தா சாவுக்கு இருக்க மாட்டான்டான்னு. கேட்டானா?" கனாயேவுக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனாலும் நகவெட்டியை எடுக்கும் முன் ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் எடுத்தாள். அப்பா நடந்துகொண்டிருக்கும்வரை உயிரோடு இருப்பார் என்று, அவர் தம்பியைக் கேட்ட நிமிஷமே அவள் மனம் முடிவு கட்டிவிட்டது. தம்பி வந்து சேரும்வரை அவரை நடக்க வைக்க வேண்டும்.

அதனால் வழியை நீட்டினாள். சாயங்காலப் புத்தரைச் சரியாகப் பார்க்கவில்லை, திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்றாள். தண்ணீர் பாட்டிலை ஓடையோரம் வைத்துவிட்டேன் என்றாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் வந்தார். அறைக்குள் ஈர மண் வாசனை வருவதுபோலக்கூட அவளுக்கு இருந்தது. மருந்து ஏற்றும் ஊசி குத்திய கையை அவர் இழுத்தார்.

"அட்டை. எடு அதை."

"எடுத்துட்டேன்ப்பா."

"பயப்படலையா?"

"இல்லப்பா."

"பெரிய மனுஷி ஆயிட்ட" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் அதைக் கேட்டவள், அவர் இழுத்த கையை மெல்ல நேராக்கி வைத்தாள்.

ஓடையில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். விழுங்க முடியாது. நர்ஸ் கொடுத்திருந்த, குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். அந்த நேரம் பார்த்து, கீழே கடையில் டீ வாங்கப் போன அத்தை உள்ளே வந்தாள். நனைந்த பஞ்சால் உதட்டைத் தடவுவது பிணத்துக்குச் செய்கிற கடைசி மரியாதை. அத்தை பையைக் கீழே போட்டாள், இரண்டு கையையும் கூப்பினாள், "அண்ணா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று ஒரு குரல் எடுத்தாள்.

"கத்தாத தொமிகோ" என்றார் அப்பா. "மான் மிரண்டுடும்."

அத்தை அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. பிறகு கனாயேவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏண்டி, உசுரோட இருக்கிறவருக்கு இப்படியா செய்வ? என் உசுரு போயிருக்கும்!"

"நர்ஸுதான் தரச் சொன்னாங்க அத்தை."

"எங்க போயிட்டிருக்கார் இவர்?"

"மலை ஏறிட்டிருக்கார்."

அத்தை ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவர் நடையில் மலைக் கணவாயின் டீக்கடை வந்தது. விடியல் புத்தரைத் தாண்டியாயிற்று என்று அப்பாவே சொன்னார். அரிசி உருண்டை வேண்டாம் என்றார். இறக்கத்தில் அவர் குரல் தேய்ந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழ ஆரம்பித்தது. அந்த இடைவெளிகளில் கனாயேவும் மூச்சை நிறுத்தினாள். கைப்பேசி அதிர்ந்தது. ரயிலில் இருக்கிறேன், இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்று ஹிதேகி அனுப்பியிருந்தான்.

"பஸ் வந்துடுச்சா?"

"இல்லப்பா."

"இந்நேரம் வந்திருக்கணுமே."

"மழையில்லப்பா. லேட்டாகும்."

அப்பா காத்திருந்தார். அவருடைய நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு கட்டி இழுப்பதுபோல மேலே வந்தது. நெற்றியில் வியர்வை ஊறியது. அத்தை அதைத் துடைத்தாள், துடைத்த இடத்தில் மறுபடியும் ஊறியது. நர்ஸ் வந்து பார்த்தாள், மருந்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போனாள்.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"கால் கடுக்குது, கனாயே. நிக்கவும் முடியல, உட்காரவும் முடியல."

அன்று முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னார். அவள் தலை குனிந்துகொண்டாள். அத்தை அவள் காதோரம், "இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சு வைடி, பாவம் அந்தப் பய வந்துட்டிருக்கான்" என்றாள். சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் வரட்டும்னுதானே நிறுத்தி வச்சிருக்க?" என்றார் அப்பா. குரலில் கோபமில்லை.

கனாயே தம்பியை நினைத்தாள். ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். இதற்காக வாழ்நாள் முழுக்க அவன் அவளை மன்னிக்காமல் போகலாம். அப்பாவின் கெண்டைக்காலிலிருந்து கையை எடுத்தாள்.

"பஸ் வந்துடுச்சுப்பா" என்றாள்.

"வந்துடுச்சா?"

"வளைவுல திரும்புது. கூட்டமே இல்ல. ஜன்னல் சீட்டு காலியா இருக்கு."

"நீ?"

"நான் ஹிதேகியைக் கூட்டிக்கிட்டு நடந்தே வர்றேன். நீங்க ஏறுங்கப்பா. படி உயரம், பார்த்து."

அப்பாவின் வலது கால் போர்வைக்குள் லேசாக அசைந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும் என்று பெண்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

ஹிதேகி வந்தபோது வெள்ளைத் துணியால் முகம் மூடியாயிற்று. அவன் தோளெல்லாம் நனைந்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றான்.

"எப்போ?"

"இப்பத்தான்" என்று அத்தை முந்திக்கொண்டாள். "உங்கப்பனைத் தெரியாதா? கடைசி பஸ்ஸை விட்டவரா அவர்? யாருக்காகவும் நிக்க மாட்டார்."

"இல்ல அத்தை" என்றாள் கனாயே. "நின்னார். உனக்காக ரொம்ப நேரம் நின்னார், ஹிதேகி. கால் கடுக்குதுன்னார். நான்தான் பஸ்ஸுல ஏத்திவிட்டேன்."

ஹிதேகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில் பக்கம் போய் அப்பாவின் முகத்துணியை விலக்கினான். வெகுநேரம் பார்த்தான்.

"மழையில அந்த இறக்கம் ரொம்ப மோசம்" என்றான் கடைசியில். "நீ அவ்வளவு தூரம் போனதே இல்லையே. எப்படி இறங்கின?"

கனாயே எழுந்து அவனிடம் போக நினைத்தாள். கால்கள் எழவில்லை. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி, விண்விண்ணென்று தெறித்தன. அவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். ஹிதேகி பையைப் போட்டுவிட்டு வந்து அவள் முன்னால் தரையில் மண்டியிட்டான்.

"எங்க வலிக்குது?"

"ரெண்டு காலுமே" என்றாள்.

அவன் அவளுடைய ஒரு காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, மெதுவாகப் பிடித்துவிடத் தொடங்கினான்.