பிளாஸ்திரி போட்ட கம்ப்யூட்டர்

காலை பதினொன்றே காலுக்கு என் திரையில் அந்த வரி வந்தது: ‘உங்களுக்கு அனுமதி இல்லை.’ எதற்கு அனுமதி இல்லை? நானே உட்கார்ந்து, முதுகு ஒடிய வரைந்த வீட்டு வரைபடங்களைத் திறப்பதற்கு. வந்த கோபத்தில் மவுஸைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. வேறு மவுஸ் இல்லாததால் எறியவில்லை.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். இன்டர்நெட் மாடியில் என் அறைக்கு வருகிறது. ரௌட்டர் என் மேசை மேல்தான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் மாடிப்படி ஓரமாக இறங்கி, கீழே மாமனாரின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதில் பெரிய ஹார்டு டிஸ்க் உண்டு. என் லேப்டாப்போ பழசு, நாலு படம் போட்டாலே அதற்கு மூச்சு முட்டும். “உன் படத்தையெல்லாம் அப்பா கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர்ல வெச்சுக்க, மேலேருந்தே திறந்துக்கலாம்” என்று ஏற்பாடு செய்தவர் என் கணவர். என் நெட் மாமனாருக்கு, அவர் இடம் எனக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மாமனார் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சீட்டில் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விடமாட்டாராம். ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சிய ஸ்டோர் அந்தக் கம்ப்யூட்டர்தான். அவர் நாற்காலியில் வேறு யாரும் உட்காரக்கூடாது. எப்போதோ ஒரு பென் டிரைவில் வைரஸ் வந்ததிலிருந்து, கீபோர்டும் மவுஸும் செருகிய துளைகளை விட்டு மற்ற எல்லாவற்றையும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் அடைத்து வைத்திருக்கிறார். அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் மாதிரி இருக்கும் அது.

அன்று மூன்று மணிக்குள் பன்னிரண்டு படங்கள் அனுப்ப வேண்டும். போன வாரம் ஒரு கட்டுமான அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. “வெள்ளிக்கிழமை மூணு மணி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் பார்க்க மாட்டோம்” என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டு ஐந்து வருஷமாகிறது. இந்த ஐந்து வருஷத்தில் என்னைக் கூப்பிட்ட ஒரே இடம் அது. பன்னிரண்டாவது படத்தை அன்று காலைதான் என் லேப்டாப்பில் முடித்தேன். மற்ற பதினொன்றும் நேர்காணலுக்கு முன்பே வரைந்தவை, அதற்குப் பின் நான் திறக்காதவை; கீழே, பிளாஸ்திரிக்குள்.

படியிறங்கிப் போய்ச் சொன்னேன். மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

“எனக்கு எல்லாம் நல்லாத்தான் ஓடுது. உன் லேப்டாப்லதான் வைரஸ் இருக்கும். கண்டதையும் திறக்காதன்னா கேக்கறியா?”

கண்டதையும் திறக்கிறேனாம்! நான் திறப்பது குளியலறையும் சமையலறையும் போட்ட படங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்தேன்.

அவர் செஸ் ஓடுகிறது என்றால் இன்டர்நெட் சரி. அடுத்து, என் லேப்டாப்பிலிருந்து அவர் கம்ப்யூட்டருக்கு ‘இருக்கிறாயா’ என்று ஒரு கூப்பாடு அனுப்பிப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. அப்படியானால் ஒயரும் சரி. சும்மா இருக்கட்டும் என்று ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். கீழேயிருந்து கத்தல்: “யாரு நெட்டைப் புடுங்கினது? ஜெயிக்கிற ஆட்டம் போச்சு!”

ரௌட்டர் திரும்ப வந்தது, அந்த வரியும் திரும்ப வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? நாலு மாதத்துக்கு முன், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே, அதை வைத்ததே நான்தான். வெறும் எண்கள், எட்டே எட்டு. ஒரு சீட்டில் எழுதி அவர் திரையின் விளிம்பில் ஒட்டி, “இது உங்களுக்கு மறக்கவே மறக்காத நம்பர் மாமா” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அதே எண்ணை இப்போது ஏழு முறை அடித்தேன். ஏழு முறையும் தப்பு என்றது. ஒவ்வொரு எண்ணாக, விரலை அழுத்தி, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சொல்லி அடித்தும் பார்த்தேன்.

கணவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

“அப்பாகிட்ட மெதுவாப் பேசு. அவருக்கு பிபி இருக்கு” என்றார்.

“எனக்கு மூணு மணி இருக்குங்க” என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அத்தை துணிகளை அள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தார். என் மாமியார் அதிகம் பேசமாட்டார். என் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தவர், நான் எட்டாவது முறை அடிப்பதைப் பார்த்துக் கேட்டார்.

“என்னம்மா, பாஸ்வேர்டா? அதைத்தான் எடுத்தாச்சே.”

என் விரல் அப்படியே நின்றது. “யார் எடுத்தது, அத்தை?”

“கடையிலேருந்து மெக்கானிக் வந்தாரே. நீ இன்டர்வியூக்குப் போன அன்னைக்கு. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறப்ப அந்தச் சீட்டு எங்கியோ போயிடுச்சு. இவருக்கு உள்ள போக முடியல. அரை மணி நேரத்துல எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மாதிரி கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு இல்லாவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கதவு திறக்கும். ஒயர் வழியாக வருகிற யாரையும், அவர் எவ்வளவு நல்லவரானாலும், உள்ளே விடாது. பூட்டை எடுத்துவிட்டதால் எனக்குக் கதவே இல்லாமல் போய்விட்டது. அதைச் செய்துவிட்டு, காலையிலிருந்து என் தலையில் வைரஸைக் கட்டுகிறார் மனிதர்! மாடியில் நான் இருக்கிறேன். பத்துப் படி. இல்லை, போனில் ஒரு வார்த்தை. அதைக் கேட்பதற்குப் பதில் வெளியாளை வரவழைத்து, எனக்குச் சொல்லாமல், ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் இறங்கிய வேகத்தில் படி அதிர்ந்தது. மாமனார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார்.

“மாமா, எழுந்திருங்க.”

“என்னது?”

“பாஸ்வேர்டை எடுத்துட்டீங்க. அதனாலதான் என் படம் எதுவும் வரல. நான் உக்காரணும், எழுந்திருங்க.”

“என் வீட்டுல, என் கம்ப்யூட்டருக்கு எதுக்குப் பாஸ்வேர்டு?”

“மறந்துபோச்சுன்னா என்னைக் கேட்டிருக்கலாமே?”

“உன்னைப் போய் நான் கேக்கணுமா?”

கேட்டதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “கேக்கணும் மாமா. எனக்கு அஞ்சு வருஷத்துல ஒரு வேலை வருது. அதைக் கெடுத்துட்டு எனக்கு வைரஸ்னு சொன்னீங்க. இப்ப எழுந்திருக்கலைன்னா, இந்தப் பிளாஸ்திரி அத்தனையும் நானே உரிப்பேன்.”

அவர் எழுந்தார். பயத்திலா, திகைப்பிலா தெரியவில்லை. அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சாய்ந்த, பஞ்சு பிதுங்கிய சாதாரண நாற்காலி. இதற்குத்தானா இத்தனை காவல் என்று இருந்தது. பழைய எட்டு எண்களையே மறுபடி பாஸ்வேர்டாக வைத்தேன். மேலே ஓடினேன். ஃபோல்டர் ஒரே சொடுக்கில் திறந்தது. பதினொரு படங்களும் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றையும் சரிபார்த்து, இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். ‘கிடைத்தது’ என்று உடனே பதில் வந்தது.

சாயங்காலம் மாமனார் தன் மகளிடம் போனில் சொன்னது மாடி வரை கேட்டது: “நெட்வொர்க்ல சின்னக் கோளாறு. சரி பண்ணியாச்சு.” பண்ணியாச்சாம். யார் பண்ணியது என்பது மட்டும் அந்த வாயில் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து கணவர்.

“அப்பா போன் பண்ணினாரு. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேக்குதாம். என்ன போட்ட?”

கீழேயிருக்கிற மனிதர் ஊர் தாண்டிப் போன் போட்டுக் கேட்கிறார், தலைக்கு மேலே நான் இருக்க!

“அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க. பத்துப் படிதான்” என்றேன்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படியில் செருப்புச் சத்தம், மெதுவாக. மாமனார் என் அறை வாசலில் வந்து நின்றார். இந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை. ரௌட்டரையும், திரையில் திறந்திருந்த படத்தையும் பார்த்தார்.

“பாஸ்வேர்டு என்னம்மா?”

கேட்டுவிட்டார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. “முன்னாடி இருந்த அதே நம்பர்தான் மாமா. உங்க கல்யாண நாள்.”

அவர் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. தலையாட்டினார், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார், அங்கேயே நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அன்று சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து, பாஸ்வேர்டு கல்யாண நாள் என்பதை அவரே எப்போதோ ஊகித்திருக்க வேண்டும். கல்யாணம் என்றைக்கு என்பதுதான் தெரியவில்லை. சீட்டு தொலைந்ததும் மெக்கானிக்கைத் தேடி ஓடியது அதற்காக.

“என்ன தேதி?” என்று கேட்க அவர் வாயைத் திறந்தபோது, படியின் கீழிருந்து அத்தையின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ.

“பத்தொம்பது, எட்டு” என்றார் அத்தை. வருஷத்தையும் சொன்னார். “நாப்பத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. என்னையாவது கேட்டிருக்கலாம்.”

மாமனார் உள்ளேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, கீழே மாமாவின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“இங்க வாம்மா” என்று என்னைக் கூப்பிட்டார். “இதுல எங்க அடிக்கணும்னு காட்டு. நான் அடிக்கிறேன்.”