வருஷத்துக்கு ஆறாயிரம்

வருஷத்துக்கு ஆறாயிரம் மேஜை மின்விசிறிகள் செய்யலாம், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று எங்கள் கம்பெனிக்கு டெல்லியில் லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆறாயிரமாவது விசிறி பெட்டிக்குள் போனதும் முதலாளி கேட்டைப் பூட்டிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அடுத்த ஜனவரியில்தான் திறப்பார். வேலை தெரிந்தவர்கள் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். கடையில் விசிறி கேட்டு வந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வேர்க்க வேர்க்கத் திரும்பிப் போவார்கள். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

நான் அங்கே காயில் சுற்றுகிறவள். விசிறியின் வயிற்றுக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளைத்தான் காயில் என்போம். பாலாநகரில் அந்தச் சின்ன ஷெட்டில் அறுபத்தொன்பதில் சேர்ந்தேன். கைமிஷினைச் சுழற்றி, கம்பியை வரிசை பிசகாமல், எண்ணிக்கை தப்பாமல் ஏற்ற வேண்டும். நான்கு பெண்கள் சுற்றினோம். மற்ற மூன்று பேரும் நாளுக்கு ஆளுக்கு ஆறு செட், அதாவது ஆறு விசிறிக்கு வேண்டியது, சுற்றினால் நான் பத்துச் சுற்றுவேன். என் கையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் சொல்லுவேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

சுற்றிய காயில் எல்லாம் தியாகுவின் மேஜைக்குப் போகும். அவர் டெஸ்டர். மீட்டரில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் அடுத்த மேஜைக்கு அனுப்புவார். இல்லையென்றால் சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார், சுற்றியவளே பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். அவருக்கு ஊர் அரக்கோணம், வயது அப்போது இருபத்தொன்பது, மாரெட்பள்ளியில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். சாயங்காலம் சிகந்திராபாத் ஸ்டேஷன் வரை ஒரே பஸ். அங்கே இறங்கி நான் மல்காஜ்கிரிக்கு வேறு பஸ் பிடிப்பேன், அவர் நடந்து போய்விடுவார். பஸ்ஸில் அப்படி என்ன பேசினோம் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. மெஸ் சாம்பாரில் எத்தனை துண்டு முருங்கைக்காய் இருந்தது என்று சொல்வார். எங்கள் தெருவில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று நான் சொல்வேன். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டேன்.

எழுபதாம் வருஷம் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதியே ஆறாயிரம் முடிந்துவிட்டது. என் கைதான் காரணம் என்று முதலாளி எல்லார் எதிரிலும் பாராட்டினார். அன்றைக்கு ஸ்டேஷனில் இறங்கியதும் தியாகு, "இனிமே ஜனவரிதாங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன். பிறகு அவர் அரக்கோணம் போய்விட்டார்.

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நூல்கண்டு வாங்க மாரெட்பள்ளிக்குப் போவேன். மல்காஜ்கிரியில் நூல்கண்டே விற்பதில்லையா என்ன? அவர் அரக்கோணத்தில் இருக்கிறார் என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் போனேன். அவர் அறை இருந்த தெருவில் ஒரு தடவை நடந்துவிட்டு வந்தால் அந்த வாரம் எப்படியோ ஓடிவிடும். ஆசைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. கடிதம் எழுதியிருக்கலாம். என்னவென்று எழுதுவது? அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

எழுபத்தொன்று ஜனவரியில் கேட் திறந்தது. பிப்ரவரியில் எத்தனை விசிறி போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க தொழில் இலாகா அதிகாரி வந்தார். லக்ஷ்மிநாராயணன் என்று பெயர், நம்மவர், தமிழ்க்காரர். அதனால் முதலாளி வெங்கடகிருஷ்ணனுக்குத் தைரியமாகச் சண்டை போட வந்தது. எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள்.

"சார், மே மாசம் வரப்போறது. ஊர் பூரா விசிறிக்கு அலையறது. பண்ணத் தெரிஞ்சவாளை நான் ஆத்துக்கு அனுப்பிண்டிருக்கேன். இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கோ" என்றார் முதலாளி.

அதிகாரி கோபப்படவில்லை. "நீங்க பன்னெண்டாயிரம் பண்ணுவேள், எனக்குத் தெரியும். வேற ஊர்ல பத்து பேரை வெச்சுண்டு ஒருத்தன் ஐந்நூறு விசிறி பண்றான். அவன் கடையை மூடிடுவான். அந்தப் பத்துப் பேருக்கு நீங்க சோறு போடுவேளா? செம்பும் கப்பல்ல வரது சார், இஷ்டத்துக்கு அள்ளிக் குடுக்க முடியாது."

"கலப்படம் பண்ணினா பிடியுங்கோ. ஷாக் அடிக்கற விசிறி பண்ணினா ஜெயில்ல போடுங்கோ. நன்னா பண்றவனை நிறுத்துன்னு சொல்ல சர்க்காருக்கு என்ன இருக்கு?"

எனக்கு இரண்டு பேரும் சொன்னது சரி மாதிரிதான் இருந்தது. அந்தப் பத்துப் பேரை நினைத்தால் பாவமாக இருந்தது. மே மாத வெயிலை நினைத்தால் முதலாளி பக்கம் சாய்ந்தேன். இரண்டு பேருக்கும் எங்களைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லையே என்று எரிச்சலும் வந்தது. அதிகாரிக்கு அது தெரிந்துவிட்டதோ என்னவோ, என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

"மூணு மாசம் வீட்டுல ஒக்கார்றது நக்கோ சார். எப்படியாவது டிசம்பர் வரைக்கும் ஓடட்டும். எனக்கு அவ்வளவுதான் வேணும்" என்றேன். நக்கோ என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் வேண்டாம்.

சொல்லும்போது கண் தன்னால் தியாகுவின் மேஜைக்குப் போனது. அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது வரை சூடாகிவிட்டது எனக்கு.

அதற்கு அடுத்த நாள் என் காயில் ஒன்று சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. எங்கேயோ கை தவறிவிட்டது என்று பிரித்துச் சுற்றினேன். மறுநாள் இரண்டு வந்தது. ஏப்ரலில் நாளுக்கு மூன்று, நான்கு. பிரிக்கும்போதே எண்ணிப் பார்த்தேன், ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. மற்றவர்களுடையது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் மட்டும் அவர் எப்போதையும்விடச் சந்தோஷமாக இருந்தார். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். என்ன தவறு என்று பஸ்ஸில் கேட்க என் ரோஷம் விடவில்லை. தன் வேலையைப் பற்றித் தானே சந்தேகப்பட்டுக் கேட்கிறவள் இல்லை நான்.

சாலைக்கு எதிர்ப்புறம், விமானத்துக்கு வேண்டிய கருவிகள் செய்கிற பெரிய அரசாங்கத் தொழிற்சாலை இருந்தது. அங்கே காயில் சுற்றப் பெண்களை எடுத்தார்கள். நானும் எழுதிப் போட்டு, சுற்றிக் காட்டி, ஜூலையில் உத்தரவே வந்துவிட்டது. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் சேர வேண்டும். அதைத் துணிக்கு அடியில் பெட்டியில் வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தேன். "பென்ஷன் வர்ற வேலைடி, உனக்கென்ன பைத்தியமா?" என்று ரயில்வேயில் இருந்த அப்பா கத்தினார். பைத்தியம்தான். அங்கே போனால் அந்த பஸ் கிடைக்காது. அவர்கள் ஷிஃப்ட் அரை மணி முன்னால் விடும்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரே நாளில் எட்டு செட் திரும்பி வந்தது. பக்கத்தில் சுற்றும் கனகவல்லி, வேலை என்றால் பாதித் தூக்கத்தில் செய்கிறவள், "என்ன கிரிஜா, கண்ணாடி போடணுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் எட்டையும் அள்ளிக்கொண்டு போய் தியாகுவின் மேஜையில் வைத்தேன்.

"எதுல தப்பு? காட்டுங்க."

அவர் மீட்டரைத் தொடக்கூட இல்லை. "திரும்பச் சுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவரும் சிரிக்கிறார். எனக்குள் என்னவோ அறுந்துபோனது. அன்று சாயங்காலமே வேலையை விடுவதாக முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பஸ் முன்னால் ஏறிப் போய்விட்டேன். முப்பத்தொன்றாம் தேதி சாலையின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒருவரும் குறை சொல்லவில்லை. முதல் மாதமே மேற்பார்வையாளர் என் காயிலை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது. இதே காயிலைத்தானே தியாகு கோடு போட்டுத் தள்ளினார்? ஆளையும் மறக்க முடியவில்லை, அந்தச் சிவப்புக் கோட்டையும் மறக்க முடியவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு நாள் வேலை முடிய நேரமாகிவிட்டது. வெளியே வந்தால் எதிரே, இத்தனை நாள் ரோஷத்தில் நான் திரும்பியே பார்க்காத பழைய கம்பெனி கேட் திறந்திருக்கிறது. பெண்கள் டிபன் டப்பாவோடு வெளியே வருகிறார்கள். நவம்பரில்! கனகவல்லியைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னும் ஓடுதா? ஆறாயிரம் ஆகலியா?"

"ஹவ், ஓடுது. நீதான் இல்லியே, யாரு முடிக்கறது? இன்னும் அறுநூறு இருக்கு. டிசம்பர் முழுக்க இருக்கும்ங்கறாங்க."

"அவர் இன்னும் காயிலைத் திருப்பி அனுப்பறாரா?"

"கைக்கு? எதுக்குக் கேக்கறே? நீ போனப்புறம் ஒண்ணுகூடத் திரும்பி வரல. என்னோடதே வரலன்னா பாத்துக்கோ."

அவளுடையதே வரவில்லையாம். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கால் மணி கழித்து தியாகு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும், அதை இன்னும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"என் காயில்ல என்ன தப்பு? இப்பவாவது சொல்லுங்க."

"ஒரு தப்பும் இல்லீங்க" என்றார். "ஒரு சுத்துகூடக் கொறஞ்சதில்ல. போன வருஷம் செப்டம்பரோட முடிஞ்சுபோச்சு. மூணு மாசம் உங்களைப் பாக்காம அரக்கோணத்துல எப்படி இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இந்த வருஷம் டிசம்பர் வரைக்கும் இழுத்துடலாம்னு பாத்தேன். மத்தவங்க வேகத்துக்கு வருஷம் தானா ஓடிடும். உங்க கைதான் வேகம். அன்னிக்கு அந்த ஆபீசர்கிட்ட டிசம்பர் வரைக்கும் ஓடணும்னு சொன்னீங்களே, என்னைப் பாத்துத்தானே சொன்னீங்க? உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அதை அங்கேயே ஒப்புக்கொண்டிருந்தால் போதும். ஆனால் எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மெதுவா சுத்தியிருப்பேனே!" என்று கத்தினேன். "வாயைத் திறந்து பேசறதுக்கும் டெல்லியிலேர்ந்து லைசென்ஸ் வரணுமா? கனகவல்லி சிரிச்சா, எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. என் கையைக் கேவலப்படுத்திட்டு ஆசைன்னு சொல்றீங்களா? நக்கோ. இனிமே என் எதிர்ல வராதீங்க."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் ஏறவில்லை. போவன்பள்ளி வருவதற்குள் கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. மூன்று மாதப் பிரிவு தாங்காமல் ஒரு மனிதர் ஆறு மாதம் பொய்க் கோடு போட்டிருக்கிறார். இவரை விட்டால் எனக்கு வேறு யார்? நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை மனதுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து அரை மணி காத்திருந்தேன். அவர் அந்த ஸ்டாப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி நடந்து போய் பஸ் ஏறுகிறார் என்று கனகவல்லி சொன்னாள். அந்த கேட்டுக்குள் போய் அவரைக் கூப்பிட எனக்கு நூறு அடிதான். நாளைக்கு அவரே வருவார், நாளைக்கு வருவார் என்று டிசம்பர் முழுக்க பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். மாதக் கடைசியில் ஆறாயிரம் முடிந்து கேட் பூட்டினார்கள். ஜனவரியில் திறந்தபோது டெஸ்டர் மேஜையில் வேறு ஆள். ஆவடிப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாராம்.

இது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. சர்க்கார் வேலை வருஷம் முழுக்க ஓடுகிறது, எத்தனை சுற்றினாலும் போதும் என்று யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. வந்த வரன்களை எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன், அப்பா இருந்தவரை கத்தினார், பிறகு அதுவும் நின்றுவிட்டது. கோபத்தில் ஒருத்தி வராதே என்றால் ஒரு மனிதர் வராமலே இருந்துவிடுவாரா? டெல்லி போட்ட உத்தரவுக்குள் எனக்காக மூன்று மாதத்தை இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர், நான் போட்ட உத்தரவை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொண்டார்.